வண்டி வண்டியாக வந்த பிடிமண்

என் ஊரைவிட எனக்கு வயது அதிகம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. காலையில் நடந்து முடித்து, முட்டியைத் தடவிக்கொண்டு பூங்கா பெஞ்சில் உட்காரும் நம் கூட்டத்தில் ஊர்ப் பெருமை பேசாத ஆள் கிடையாது. திருவாதவூர்க்காரர் வாயைத் திறந்தால் ஆயிரம் வருஷத்துக்குக் கீழே இறங்க மாட்டார். திருப்பரங்குன்றத்துக்காரருக்கு மலையே சாட்சி. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். என் முறை வந்தால் சொல்வதற்கு என்னிடம் மலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஒரு ரயில்வே பிளாட்பாரமும் என் அம்மாவும்தான் இருக்கிறார்கள். இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்குப் பெயர்ப்பலகையில் ஒரு பெயர் இருக்கிறது. அது பக்கத்துக் கிராமத்திடம் இரவல் வாங்கிய பெயர். யாரும் அதைச் சொல்வதில்லை. அன்றைக்கும் டேசன், இன்றைக்கும் டேசன். பஸ் கண்டக்டர்கூட “டேசன்லாம் எறங்கு” என்றுதான் சத்தம் போடுவார். மதுரைக்குத் தென்மேற்கே, சமவெளியில், கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல் காடு. அதன் நடுவே ஒற்றைத் தண்டவாளம் ரொம்ப காலமாகவே ஓடிக்கொண்டிருந்தது. எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை என்று, ஆள் நடமாட்டமே இல்லாத அந்தக் காட்டில் ரயில்வேக்காரர்கள் ஒரு ஸ்டேஷனைப் போட்டார்கள். ஊருக்காகப் போட்ட ஸ்டேஷன் அல்ல அது. ஸ்டேஷனுக்காக ஊர் வந்தது.

கரிசல் மண்ணை நம்பிப் பிளாட்பாரம் கட்ட முடியாது. மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் கை நுழைகிற அளவு வெடிக்கும். அதனால் இன்னொரு தண்டவாளத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் முன்னால் போகும் பாதைக்கும் வேறு மண் கொண்டுவந்து கொட்டி மேடாக்கினார்கள். செவல் மண். கறுப்புச் சேலையில் சிவப்புக் கரை போட்டதுபோல் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். அந்த மண்ணை அடித்த மாட்டு வண்டிகளில் ஒன்று எங்கள் அப்பாவுடையது. நான் அப்போது அம்மா இடுப்பில் இருந்த பெண்பிள்ளை.

மண்ணடித்த வேலை முடிந்ததும் மற்ற வண்டிக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே நாலு கம்பை நட்டு, மேலே ஓலை போட்டு, டீயும் இட்லியும் விற்க ஆரம்பித்தார். இதை அப்பாவின் துணிச்சல் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அப்பாவும் மறுக்க மாட்டார். உண்மையில் அது அம்மாவின் துணிச்சல்.

பழைய ஊரில் பெரியப்பா வீட்டோடுதான் எல்லோரும் இருந்தோம். பெரியப்பா கண்மாய்க் கரைச் சாமிக்குப் பூசாரி. வீட்டில் அவர் பேச்சுதான் பேச்சு, அடுப்படியில் பெரியம்மா பேச்சுதான் பேச்சு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மா அந்த வீட்டில் ஒரு குழம்புக்குக்கூடத் தன் இஷ்டத்துக்கு உப்புப் போட்டதில்லையாம். அரைப்பாள், அலசுவாள், விறகு தள்ளுவாள். கரண்டி மட்டும் பெரியம்மா கையில் இருக்கும். அம்மா இதை அழுது சொன்னதில்லை. கோபமாகவும் சொன்னதில்லை. “எனக்கு ஒரு கரண்டி வேணும்னு தோணுச்சு, வந்துட்டேன்” என்பாள். அவ்வளவுதான்.

ஓலைக் கொட்டகையில் அவளுக்குக் கரண்டி கிடைத்தது. ஸ்டேஷனை ஒட்டி ஒரு ஜின்னிங் மில் வந்ததும் அவளுக்கு யோகமும் வந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து, பஞ்சைப் பொதி கட்டி ரயிலில் ஏற்றுகிற மில். பிரித்த கொட்டை மில் முற்றத்தில் மலைபோல் கிடக்கும். அதை ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் ஆட்டி, பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டு அம்மா பருத்திப்பால் காய்ச்சுவாள். காலை பாசஞ்சர் வந்து நின்றதும் கார்டு முதற்கொண்டு இறங்கி ஓடி வருவார்கள். எஞ்சின் டிரைவருக்கு மட்டும் நான் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். நிலக்கரிச் சூடும் பருத்திப்பால் ஆவியும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இன்று எந்தக் கடையில் எவ்வளவு நல்ல பருத்திப்பால் குடித்தாலும் பாதிதான் குடித்ததுபோல் இருக்கிறது. கரிப்புகை குறைகிறது, வேறொன்றுமில்லை.

அப்புறம் அந்தப் பஞ்சு. பங்குனி, சித்திரையில் மில் ஓடும்போது தெருவெல்லாம் பஞ்சு பறக்கும். மாட்டின் இமையில், தோசைக்கல்லில், ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பியில், எங்கும் பஞ்சுதான். ஸ்டேஷன் மாஸ்டர் பசுமலைக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர், சட்டையில் ஒரு சுருக்கம் பொறுக்க மாட்டார். வண்டி வருவதற்கு முன்னால் அவர் பஞ்சு தட்டுவதைப் பார்க்கவே நாங்கள் பிள்ளைகள் கூடி நிற்போம். வண்டி அடுத்த ஸ்டேஷனை விட்டதும் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிப்பார்கள். அந்தச் சத்தம் மில்லைத் தாண்டி ஓடைவரைக்கும் கேட்கும். அந்தத் தண்டவாளத் துண்டு எங்கே போனதென்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாசி மாதம் ஒன்றைத் தவிர.

மில்லில் வேலை செய்த பெரும்பாலானோர் எங்கள் பழைய ஊரிலிருந்தும் அதைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். எல்லோருக்கும் சாமி கண்மாய்க் கரைச் சாமிதான். மாசியில் அங்கே காப்புக் கட்டுவார்கள். கையில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆகவே காப்புக் கட்டப் போனவர்கள் போனவர்கள்தான். டேசன் அடியோடு காலியாகிவிடும். நாய்கள்கூடச் சோற்றுக்கு வழியில்லாமல் வண்டிகளுக்குப் பின்னாலேயே ஓடிவிடும். அதே நாட்களில்தான் கரிசலில் பருத்தி வெடித்துக் கிடக்கும். வெள்ளாமை செய்த சம்சாரிகள் வண்டியில் பருத்தியை ஏற்றி வந்து, பூட்டிய மில்லைப் பார்த்து வைதுவிட்டுத் திருமங்கலத்துக்குப் போவார்கள். சரக்கு ஏற்ற வந்த வேகன்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

மில் முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு வருஷம், தை பிறந்ததும், எங்கள் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை, அதுதான் பயம். பருத்திப்பாலை நிதானமாகக் குடித்துவிட்டு, இந்த மாசியும் மில் நின்றால் மிஷின்களைக் கழற்றித் திருமங்கலத்துக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொன்னார். மில் போனால் சரக்குக் கொட்டகையை மூடிவிடுவார்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டரும் சொன்னார். வண்டி நிற்கும், ஆனால் இறங்க ஆள் இருக்காது.

அன்று சாயங்காலம் அப்பா, நடப்பது நடக்கட்டும், அண்ணன் வீட்டில் நமக்கு ஒரு அறை இல்லாமலா போகும் என்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மா கையிலிருந்த கரண்டியை ஒருமுறை பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

“சாமி நம்மள அங்க கூப்புடுது. சாமிய நாம இங்க கூப்புட்டா என்ன?” என்றாள் அம்மா.

அதற்கு வழி உண்டு. உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து புது இடத்தில் வைத்தால் சாமி அங்கேயும் வந்துவிடும். பிடிமண் என்பார்கள். ஆனால் பூசாரி தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்காமல் நாமாக அள்ளினால் அது வெறும் மண். இங்கே பூசாரி யார்? பெரியப்பா.

தம்பி வீட்டை விட்டுப் போனதில் பெரியப்பாவுக்கு மனத்தாங்கல் இருந்தது. டேசன் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். மில் ஆட்கள் எல்லோரும் கூடிப் பேசி, தம்பி கேட்டால் மறுக்க மாட்டார் என்று அப்பாவைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வண்டி கட்டி நாங்கள் மூவரும் போனோம். அப்பா வழியெல்லாம் என்ன பேசுவது என்று மாட்டிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

கோயில் முன்னால் பொட்டலில் ஒரு வேப்பமரத்தடி. பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் சிலரும் இருந்தார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஒத்திகை பார்த்ததில் பாதிகூட வாயில் வரவில்லை. பெரியப்பா கடைசிவரை கேட்டார்.

“சாமி என்ன பருத்திப் பொதியாடா, டேசனுக்கு ஏத்தி அனுப்ப? கண்மாய்க்கு வந்த சாமி கண்மாயிலதான் இருக்கும். ஒங்க வெயிட்டிங் ரூம்லயெல்லாம் வந்து உக்காராது.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். 

அந்தக் காலத்தில் புருஷனுக்கு மூத்தவரிடம் பெண்கள் நேராகப் பேச மாட்டார்கள். குறுக்கே ஒரு பிள்ளையை நிறுத்திக்கொண்டு பிள்ளையிடம் சொல்வதுபோல் சொல்வார்கள். அம்மா மரத்துக்குப் பின்பக்கம் நின்றபடி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

“பெரியப்பாகிட்டக் கேளு தாயி, டேசன் கட்ட மண்ணு எங்கயிருந்து போச்சுன்னு.”

நான் கேட்டேன். இங்கிருந்துதான் போனது, கோயிலுக்கு முன்னால் இருந்த மேட்டை வெட்டித்தான் போனது என்றார் பெரியப்பா. அந்த மேட்டால் திருவிழாவுக்கு இடம் இல்லாமல் இருந்தது, ரயில்வே கண்டிராக்டர் வெட்டிக்கொண்டு போனதில் நல்ல பொட்டலாகிவிட்டது, அதற்கென்ன இப்போது என்று உன் அம்மாவைக் கேள் என்றார்.

“மொத வண்டியில மொத பிடி மண்ண அள்ளிப் போட்டது யாருன்னு கேளு.”

நான் கேட்டேன்.  பெரியப்பா கட்டிலில் இருந்த வெற்றிலையை எடுத்தார், திரும்ப வைத்தார். என்னைப் பார்க்காமல் பொட்டலைப் பார்த்தார்.

அப்போது அம்மா மரத்தைச் சுற்றி முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரியப்பாவுக்கு நேராக நின்றாள். அவள் அவரிடம் நேராகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நீங்கதான் மாமா. சாமி எடத்துல மம்பட்டி படப்போவுதேன்னு சூடம் கொளுத்தி உத்தரவு கேட்டீங்க. பெறகு ஒங்க கையால மொத பிடிய அள்ளி, ஒங்க தம்பி வண்டியில போட்டீங்க. ‘எந்தம்பி வண்டிக்குத் தொணையாப் போ’ன்னு சாமிகிட்டச் சொன்னீங்க. இவள இடுப்புல வச்சுக்கிட்டு நான் பாத்துக்கிட்டு நின்னேன். சாமி தொணைக்குப் போச்சு. வண்டி வெறும் வண்டியாத்தான் திரும்பி வந்துச்சு. பிடிமண்ணு வேற எப்படிக் குடுப்பாக?”

 கண்மாயில் மாடு குளிப்பாட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.  பெரியப்பா அம்மாவை அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். பாவம், அந்த மனிதரை அவ்வளவு தப்பாக எடை போட்டிருந்தேன்.

அவர் அப்பாவைத்தான் திரும்பிப் பார்த்தார். “ஏண்டா, வண்டி ஓட்டுனவன் நீதான? அம்புட்டு மண்ணயும் நீயே அள்ளிட்டுப் போயிட்டு, ஒரு பிடிக்கு வந்து நிக்கிற. ஒனக்குத் தோணலையா?”

அப்பாவுக்குத் தோணவில்லைதான். வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனவருக்கு அது வெறும் லோடு. எத்தனையோ வருஷம் கழித்தும் இதைச் சொல்லி அம்மா கேலி செய்வாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே பீடியைப் பற்றவைப்பார்.

“காப்புக் கட்ட நானே வாரேன்,” என்றார் பெரியப்பா, அம்மாவிடம். நேராகவே சொன்னார், என்னை நடுவில் வைக்கவில்லை. எனக்கு அன்றோடு அந்த வேலை போயிற்று.

சாமி வந்தாயிற்று, எங்கே வைப்பது? எல்லையில் வைக்க வேண்டும், வெளியே பார்த்தபடி வைக்க வேண்டும். அதுவரை எங்கள் ஊருக்கு எல்லை என்று ஒன்று இருந்ததில்லை. ஆண்கள் எல்லோரும் கூடி, சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் கருவேல மரத்தடியைக் காட்டினார்கள். நிழல் இருக்கிறது, தண்ணீர் பக்கம் என்று அவர்களுக்குள் ஒரே சந்தோஷம். அம்மா கடைக்குள்ளிருந்தே ஒரு கேள்வி கேட்டாள். சாமியை அங்கே வைத்துவிட்டால் மில் எல்லைக்கு வெளியே போய்விடுமே, காப்புக் கட்டின கையோடு எப்படி வேலைக்குப் போவீர்கள்? எதற்காக இவ்வளவு பாடும் பட்டார்களோ அதையே மறந்துபோயிருந்தார்கள். தலையைச் சொறிந்துகொண்டு மில்லின் கடைசிச் சுவருக்கு வந்தார்கள்.

அம்மா விடவில்லை. இன்னும் தள்ளி, ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே முள்ளும் நரியும்தான். “அம்புட்டுத் தூரம் எதுக்கு?” என்று கேட்டார்கள். “நாளைக்கு எம்மக வீடு கட்டுனா எங்க கட்டுவா?” என்றாள். கொட்டகையே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். நடுக்காட்டில் சாமியை விட்டுவிட்டு யார் போய் விளக்கேற்றுவது என்றார்கள். கடைசியில் மில் சுவர் மூலைதான் முடிவாயிற்று.  மில் உள்ளே இருக்கிறது, அது போதும் என்று அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாசியில் பெரியப்பா சொன்னபடி வந்தார். வண்டியை விட்டு இறங்கி, கறுப்பு மண் முடிந்து செவல் மண் தொடங்குகிற இடம் வந்ததும் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். ஏதோ ரயில்வே ஆபீசர்களுக்குப் பயந்து கழற்றுகிறார் என்று ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்துவிட்டார். இங்கெல்லாம் போட்டுக்கொண்டு நடக்கலாம், சட்டம் ஒன்றும் இல்லை என்று மரியாதையாக எடுத்துச் சொன்னார். பெரியப்பா தலையை ஆட்டினாரே தவிர, போட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு எத்தனையோ முறை வந்தார், மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட எங்கள் ஸ்டேஷனில்தான் ஏறினார். கடைசிவரை அந்தப் பிளாட்பாரத்தில் அவர் செருப்போடு நடந்ததில்லை.

பிளாட்பாரத்து ஓரத்திலிருந்தே பெரியப்பா ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய் மில் சுவர் மூலையில் வைத்தார். எல்லோரும் காப்புக் கட்டிக்கொண்டார்கள். படையல் அன்று ஒரு நாள் மட்டும் மில்லை நிறுத்தினார்கள், மறுநாள் மில் சங்கு ஊதிவிட்டது. காப்புக் கட்டிய கைகளோடு பொதி ஏற்றினார்கள். முதலாளி கடைக்கு வந்து பருத்திப்பால் கேட்டார். மிஷினைக் கழற்றுகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

பெரியம்மாவும் வந்திருந்தாள். எங்கள் கடைக்குள் நுழைந்து அடுப்பைப் பார்த்தாள், பாத்திரங்களைப் பார்த்தாள். அம்மா ஒரு டம்ளரில் பருத்திப்பால் ஊற்றிக் கொடுத்தாள். பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்றாள். “நம்ம கடைக்கு அப்படித்தான்க்கா,” என்றாள் அம்மா. பெரியம்மா குடித்து முடித்துவிட்டு டம்ளரை இன்னொரு தடவை நீட்டினாள். அம்மா ஊற்றினாள். எனக்கு அன்றைய திருவிழாவே அதுதான்.

மில் இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபமும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. செவல் மண் எல்லாம் சிமெண்டுக்கும் பளபளப்பான கல்லுக்கும் அடியில் போய்விட்டது. எல்லைச் சாமி பஸ் ஸ்டாண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, ஒரு செல்போன் கடையைப் பார்த்தபடி நிற்கிறது. ஊரைப் பார்த்து நிற்கிற எல்லைச் சாமி மதுரை ஜில்லாவிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இடம்மாறி நின்றது சாமி இல்லை, ஊர்தான் அதைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டது. அம்மா கை காட்டிய ஓடையின் மேல் பாலம் வந்து, அதற்கு அப்பாலும் தெருத் தெருவாக வீடுகள். அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நாலாவது வீடு என்னுடையது. எங்கள் எல்லோரிலும் பெரிதாக நினைத்தவள் அம்மாதான். அவளே குறைத்துத்தான் நினைத்திருக்கிறாள்.

போன மாதம் ஊர் இளைஞர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுச் சாமியிடம் பிடிமண் எடுத்து, புது எல்லையில் இன்னொரு பீடம் கட்டப்போகிறார்களாம். ஊரைவிட மூத்தவள் நான் ஒருத்திதான் மிச்சம், நான் வந்து இடம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். காரில் கூட்டிப்போனார்கள். நாலுவழிச் சாலைக்கு முன்னால், கடைசி பிளாட் கல் நட்ட இடத்தில் நிறுத்தி, “இந்த இடம் சரியா இருக்குமா பாட்டி?” என்று கேட்டார்கள்.

நான் இறங்கிப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் கரிசல் வெறுமனே கிடந்தது. முள்ளுதான் இருந்தது, ஒரு ஆள் கிடையாது.

“இன்னும் தள்ளிப் போங்கப்பா,” என்று கையைக் காட்டினேன்.

“அம்புட்டுத் தூரமா பாட்டி?” என்று சிரித்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, காட்டிய கையை இறக்காமல் நின்றேன்.